யார் பிரித்த வேலை? மலை மருத்துவப் பணியின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஏறுகிற யாருக்கும் ஒன்று உறைக்கும்: தரையில் வகுத்த அளவு மலைக்குப் பொருந்தாது. அரசு இதை ஓர் எண்ணாக ஒத்துக்கொண்டிருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். மலையில் 3,000 பேருக்கு ஒன்று. எண்ணைக் குறைத்தார்கள், சரி. அந்த மூவாயிரம் பேருக்கு நடுவே நடக்க வேண்டிய பெண்ணின் வேலையை யார் வகுத்தது, எதற்காக? நிர்வாகவியல்காரர்கள் இதை 'வேலை வடிவமைப்பு' என்று சொல்லி 'ஊழியர் திறன்' என்கிற தராசில் நிறுத்துவார்கள். நாம் இதை அதிகாரம் பற்றிய கேள்வியாக வாசித்துப் பார்க்கலாம்.

வேலையைத் துண்டுபோடும் கலையை 1911இல் டெய்லர் தொழிற்சாலைக்காக எழுதிவைத்தார்: யோசிப்பவர் ஒருவர், செய்பவர் வேறொருவர். மருத்துவமனைக்குள் இதே துண்டாடல் எப்படி இயங்குகிறது என்பதை, லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர் குறித்து 1960இல் இசபெல் மென்சீஸ் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரு நோயாளியை ஒரு செவிலி முழுசாகப் பார்ப்பதில்லை. பலருக்கும் ஒரே வேலையைச் செய்துகொண்டே போகிறாள். நோயாளி பெயரிழந்து படுக்கை எண்ணாகிறார். வலியோடும் சாவோடும் நேருக்கு நேர் நிற்கும் பதற்றத்திலிருந்து தப்பிக்க நிறுவனம் கட்டிக்கொண்ட அரண் இது என்றார் மென்சீஸ். அரண் யாரையும் காப்பாற்றவில்லை. பயிற்சிச் செவிலியர் பலர் பாதியிலேயே விலகிப்போனார்கள்.

நம்மூர்க் கதை எதிர்த்திசையில் தொடங்குகிறது. மலேரியாவுக்கு ஒருவர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒருவர் என்று தனித்தனியாக இருந்த ஊழியர்களைப் 'பல்நோக்கு ஊழியர்' ஆக்கச் சொன்னது 1973இன் கர்த்தார் சிங் குழு. காகிதத்தில் இது துண்டுகளை ஒட்டுகிற காரியம். நடப்பில், பிரசவம் பார்க்கத் தெரிந்த பெண்ணின் தலையில் தடுப்பூசி, கணக்கெடுப்பு, கருத்தடை 'இலக்கு' எல்லாம் ஏறின. கல்வராயன் மலை ஜாகிர்தார்களின் பிடியிலிருந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது 1976இல். நெருக்கடி நிலையில், கருத்தடை இலக்குகள் நாடெங்கும் உச்சத்திலிருந்த ஆண்டு அது. 1996 ஏப்ரலில் மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிடும்வரை, எத்தனை 'கேஸ்' பிடித்தாய் என்பதே திறனின் அளவாக இருந்தது. எதை எண்ணுகிறார்களோ அதைத்தான் ஊழியர் செய்வார். "நர்சம்மா வந்தாலே ஆபரேஷனுக்குக் கூப்பிடத்தான்" என்று ஓர் ஊர் கதவைச் சாத்தினால் அதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. வேலையை வகுத்த விதம் அந்தக் கதவில் தெரிகிறது.

2000களில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியரை அமர்த்தி, 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாட்டைத் தமிழக அரசு விரிவாக்கியது. ஷிஃப்ட் பிரிந்தது, ராத்திரியில் கதவு திறந்திருந்தது, அங்கே பிரசவங்கள் பெருகின. ஆள் அதே மாதிரி ஆள்தான், வேலை மாறியபோது பலன் மாறியது. ஆனால் அந்த ராத்திரிகள் பெருமளவு தொகுப்பூதியத்தின்மீது நின்றன. 2017 நவம்பரில் ஒப்பந்தச் செவிலியர் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து பணி நிரந்தரம் கேட்டபோது, 'திறன்' என்ற சொல்லுக்குள் கூலி ஒளிந்திருப்பது வெளியே வந்தது.

மலைக்கு அந்தப் பக்கம், கல்வராயனுக்கும் சித்தேரிக்கும் இடையே தர்மபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில், 1993இல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற இரு மருத்துவர்கள் குடிசையில் தொடங்கிய பழங்குடியினர் மருத்துவமனை வேறொரு வகுப்பைச் செய்து பார்த்தது. உள்ளூர் மலையாளிப் பழங்குடிப் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்றார்கள். பிரசவம், அறுவை அரங்கு, மருந்து, நோயாளியின் குடும்பத்தோடு பேச்சு எல்லாம் அவர்கள் கையில். ஊருக்கு ஊர் சுகாதாரப் பணியாளராகவும் பெண்களே நின்றார்கள். ஆரம்பத்தில் ஆயிரத்துக்கு 147 என்றிருந்த சிசு மரணம் பின்னாளில் ஏறக்குறைய 20க்கு வந்தது. முழுப் பெருமையையும் வேலைப் பகிர்வுக்கே எழுதிவிட முடியாது. ஆனால் தான் பார்க்கிற உடம்பு யாருடையது, அது எந்த வீட்டுக்குத் திரும்பிப் போகிறது என்று தெரிந்தவள் செய்கிற வேலைக்கு ரெஜிஸ்டரில் கட்டம் இல்லை.

இதை ஒரு தொண்டு நிறுவனத்தின் நல்லெண்ணமாகப் பாராட்டிவிட்டு நகர்வது எளிது, ஆபத்தும்கூட. அரசு அதைச் செய்ய வேண்டாமா என்பதுதான் கேள்வி. 2024இல் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, கல்வராயன் மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. சாலை கேட்போம், மருத்துவர் கேட்போம். கூடவே, மலையில் வேலை செய்கிறவளும் மலையில் வாழ்கிறவளும் உட்கார்ந்து அந்த வேலையை எழுதும் உரிமையையும் கேட்க வேண்டும். அதுவரை கட்டடம் உயரும். நர்சம்மா ரெஜிஸ்டர் எழுதிக்கிட்டேதான் இருப்பாங்க.