எரிந்த செட்டும் எரித்த காரணமும்

திருநெல்வேலிப் பக்கம் பங்குனி பிறந்தால் கோயில் கொடைகள் தொடங்கிவிடும். ஆடி முடியும்வரை மைக்செட்டுக்காரர்களுக்கு ஓய்வில்லை. அவர்களுடைய ஆம்ப்ளிஃபையரைப் பழுது பார்க்கிற எங்களுக்கும் இல்லை. "அண்ணாச்சி, செட்டு எரிஞ்சுபோச்சு, ராத்திரி வில்லுப்பாட்டு இருக்கு" என்று சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். ஒவ்வொரு காலத்திலும் உள்ளே எது எரிந்தது என்று சொன்னாலே எங்கள் தொழிலின் வரலாறு வந்துவிடும்.

நான் தொழில் பழகிய கடையில் இஎல்34 வால்வு ஜோடி போட்ட செட்டுகள்தான் அதிகம். வால்வுக் கோளாறு கண்ணுக்கே தெரியும். உள்ளே இருக்கும் தகடு செக்கச்செவேல் என்று சிவந்தால் கப்ளிங் கண்டன்சர் கசிகிறதா என்று முதலில் பார்ப்போம். அது கசிந்தால் கிரிடில் இருக்கவேண்டிய மைனஸ் வோல்ட் போய், வால்வு கட்டுக்கடங்காமல் கரண்ட் இழுக்கும். வால்வை மட்டும் மாற்றிக் கொடுத்தால் புதுசும் அன்றிரவே சிவக்கும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கதை வேறு. குழாய் ஸ்பீக்கருக்குப் போகும் வயர் அறுந்து, லோடு இல்லாமல் செட் முழுச் சத்தத்தில் ஓடினால் பிரைமரிச் சுற்றில் வோல்ட் எகிறி இன்சுலேஷன் உடைந்துவிடும். அதனால் கருகிய டிரான்ஸ்ஃபார்மரைக் கண்டதும் எங்கள் மேஸ்திரி, "தென்னையில கட்டுன வயரு முழுசா இருக்கா வே?" என்றுதான் கேட்பார்.

1947இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்த டிரான்சிஸ்டர், பிற்பாடு 2என்3055 என்ற உருவில் எங்கள் மேஜைக்கு வந்தது. வால்வு மாதிரி சூடேறக் காத்திருக்க வேண்டாம். 12 வோல்ட் கார் பேட்டரியிலும் செட் பாடும். ஆனால் இது சொல்லாமல் கொள்ளாமல் சாகும். ஒன்று ஷார்ட் ஆனால் ஜோடியையும், டிரைவரையும், எமிட்டரில் இருக்கும் 0.33 ஓம் ரெசிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போகும். அப்போதுதான் சீரீஸ் பல்பு இல்லாமல் கடை நடத்த முடியாது என்றானது. 100 வாட் குண்டு பல்பை மெயின் வயரில் தொடராக மாட்டி சுவிட்சைப் போடுவோம். பளிச்சென்று எரிந்து மங்கினால் ஃபில்டர் கண்டன்சர் நிரம்பிவிட்டது, பயமில்லை. மங்காமல் நின்று எரிந்தால் ஷார்ட் இன்னும் பாக்கி; பல்பு கரண்டைப் பிடித்துவைப்பதால் புது டிரான்சிஸ்டர் தப்பும். 3055இன் உலோக உடம்பே கலெக்டர். ஹீட்சிங்குக்கும் அதற்கும் நடுவே வைக்கிற மைக்காவில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அத்தனை வேலையும் வீண்.

அடுத்து வந்தவை சான்யோவின் எஸ்டிகே ஐசிகள். இரண்டு சேனலும் ஒரே கட்டிக்குள். ஒன்று போனாலும் முழுசாகக் கழற்றி முழுசாகப் போடவேண்டியதுதான். பிறகு தோஷிபாவின் 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 ஜோடி வந்தது. கூடவே போலிகளும் வந்தன. செத்த போலியை உடைத்துப் பார்த்தால் உள்ளே சிலிக்கான் சில்லு அசலில் இருப்பதைவிடச் சிறியதாக இருக்கும். மாற்றிப்போட்ட பாகமே அடுத்த பழுதுக்குக் காரணமாவதை அந்தக் காலம் காட்டியது.

இப்போது வருவது எஸ்எம்பிஎஸ் வைத்த கிளாஸ் டி செட். அரிசிக் குருணை போன்ற பாகங்களைத் தேடிக் கழற்றுவதைவிட போர்டை மாற்றுவது சீக்கிரம். நானும் மாற்றுகிறேன். ஆனால் கொடைப் பந்தலில் மூன்று பேஸிலும் லோடு பிரித்திருப்பார்கள். நியூட்ரல் விட்டுப்போனால், சீரியல் லைட் நிறைய மாட்டிய பேஸில் வோல்ட் இறங்கும். லோடு குறைந்த பேஸில் 230 வோல்ட் 400ஐ நோக்கி ஏறும். செட் அந்தப் பேஸில் இருந்தால் பவர் சப்ளை வெடிக்கும். நியூட்ரலைச் சரிசெய்யாமல் புது போர்டைக் கொண்டுபோய் மாட்டினால் அதுவும் வெடிக்கும்.

பாகம் எந்தக் கடையிலும் கிடைக்கும். மெக்கானிக்குக்குக் கூலி காரணம் சொல்வதற்குத்தான். அதனால் என்னிடம் தொழில் பழகும் பையன்களுக்கு, ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்னால் பந்தலுக்குக் கரண்ட் எங்கிருந்து எடுத்தார்கள் என்று கேட்கத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.