எழுத்தாளரே பதிப்பாளர்

சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தத்தில் சென்ற மாதம் என் பழைய மாணவி ஒருத்தியைக் கண்டேன். இயற்பியல் பட்டம் பெற்றவள்; இப்போது ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறாள். ஓய்வு நேரங்களில் கைப்பேசியிலேயே தட்டெழுதி, ஒரு நாவலை முடித்து மின்னூலாக வெளியிட்டிருக்கிறாள்.

"அஞ்சு நாள் இலவசமாக் குடுத்தேன் சார். நூறு பேருக்கு மேல எடுத்துக்கிட்டாங்க. ஆறாம் நாள் விலை போட்டேன், ஒருத்தர்கூட வாங்கலை. என் எழுத்துதான் சரியில்லையா சார்?"

இக்கேள்வி புதியதன்று. தம் நூலைத் தாமே வெளியிட்ட தமிழர் பலரும் கேட்டுக்கொண்ட கேள்விதான் இது. அவ்வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

கையொப்பமும் கடனும்

அச்சு நூலில் எழுத்துக் கோத்தல், காகிதம், அச்சுக்கூலி, பைண்டிங் ஆகிய எல்லாச் செலவும் முதற்பிரதி விற்பதற்கு முன்பே வந்துவிடும். ஆகவே கையில் முதல் இல்லாதவர் நூலுக்கு முன்னால் வாசகரைத் தேடியாக வேண்டும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, வாங்குவதாக உறுதி கூறுவோரிடம் முன்னரே கையொப்பம் பெற்றார்.

பாரதியாரின் திட்டம் இன்னும் பெரிது. புதுச்சேரி வாழ்வு முடிந்து கடையத்தில் தங்கியிருந்த அவர், 1920இல் நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். தம் எழுத்துக்களை 40 நூல்களாக்கி, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட வேண்டும். அதற்கு ஏறத்தாழ 20,000 ரூபாய் முதல் தேவை என்று கணக்கிட்டார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தம் நூல்கள் எளிதாகப் பரவும் என்பது அவர் நம்பிக்கை. பணம் சேரவில்லை. 1921 செப்டம்பரில் அவர் மறைந்தார். நான்கு இலட்சம் பிரதிகள் கனவாகவே நின்றன. அங்கே குறை எழுத்தில் இருந்தது என்று இன்று யாரேனும் சொல்வாரா?

எழுத்து எண்ணாயிற்று

அச்சுச் செலவு என்னும் மதிலைத் தகர்த்தது கணிப்பொறி. 1971இல் அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் குட்டன்பர்க் திட்டத்தைத் தொடங்கினார். தமிழுக்கு அத்தகைய முயற்சி 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' என்ற பெயரில் பிறந்தது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரமும் பல நாட்டுத் தன்னார்வலர்களும் பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி யாவர்க்கும் இலவசமாக அளித்தனர்.

அன்று ஒரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு எழுத்துருவும் ஒவ்வொரு எண்முறையைக் கையாண்டது. ஒன்றில் எழுதிய கதை மற்றொன்றில் புரியாத கிறுக்கலாகத் தெரியும். உலகப் பொதுக் குறியீடான யூனிகோடில் தமிழ் 1991இலேயே இடம் பெற்றிருந்தும், அது வழக்கத்துக்கு வர ஆண்டுகள் பல சென்றன. தமிழக அரசு 2010இல் அதனை ஏற்றது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாவலில் 50,000 சொற்கள். சொல்லுக்குச் சராசரி 8 குறிகள். வழக்கமான சேமிப்பு முறையில் குறி ஒன்றுக்கு 3 பைட்டுகள். பெருக்கினால் 12 இலட்சம் பைட்டுகள்! இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்தின் அளவுகூட வருவதில்லை. பாரதியார் தேடிய 20,000 ரூபாய் இந்த இடத்தில் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுகிறது.

மின் மை

ஒளிரும் திரையில் நெடுநேரம் படிப்பது பலருக்குக் கடினம். இதற்கு மாற்றாக வந்ததே மின் மை. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்விலிருந்து 1997இல் இதற்கென ஒரு நிறுவனம் தோன்றியது. இத்திரையில் கண்ணுக்குப் புலப்படாத நுண்குமிழிகள் உள்ளன. அவற்றுள் எதிரெதிர் மின்னூட்டம் கொண்ட வெள்ளை, கறுப்புத் துகள்கள் மிதக்கின்றன. மின்புலத்தின் திசைக்கேற்ப ஏதேனும் ஒரு நிறம் மேலே வரும். மின்சாரம் நின்றாலும் எழுத்து நிற்கும்; பக்கம் மாறும்போதுதான் மின்சாரம் செலவாகும். அமேசான் 2007இல் வெளியிட்ட கிண்டில் கருவி இம்மையைக் கொண்டதே. அதன் கடையில் 2016 டிசம்பரில் தமிழ் நூல்களும் இடம்பெற்றன. இன்று கைப்பேசியிலும் அவற்றைப் படிக்கலாம். நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை இயங்கிய ஸ்ரீபெரும்புதூர் வட்டாரம் இன்றும் கைப்பேசி செய்கிறது; அதில் கதையும் எழுதுகிறது!

ஆறாம் நாள்

இனி மாணவியின் கேள்விக்கு வருவோம். அவள் சேர்ந்த திட்டத்தின்படி, மின்னூலை 90 நாட்கள் வேறெங்கும் விற்கக் கூடாது. அதற்கு ஈடாக 5 நாட்கள் இலவசமாக வழங்கலாம். ஆனால் கடையில் இலவச நூல்களின் வரிசை வேறு, விலைநூல்களின் வரிசை வேறு. முதல் வரிசையில் ஏறிய நூல், ஆறாம் நாள் இரண்டாவது வரிசையின் அடியிலிருந்து தொடங்க வேண்டும். மேலும் இலவசமாக எடுத்தவர் எல்லாரும் படித்துவிடுவதில்லை. ஆகவே அந்த ஆறாம் நாளை வைத்து எழுத்தின் தரத்தை அளப்பது, வெப்பமானியைக் கொண்டு எடை பார்ப்பது போன்றதாகும்.

அப்படியானால் வழி என்ன? பழைய வழிதான். கல்கி 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வனைத் தம் வார இதழில் தொடராக எழுதி, வாரந்தோறும் வாசகரைக் காத்திருக்க வைத்தார். இன்றைய தனி எழுத்தாளரும் முதற்பாகத்தை இலவசமாக்கி அடுத்ததற்கு விலை வைக்கிறார். எழுதும் கதை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அவ்வப்போது தம் வாசகருக்குத் தெரிவிக்கிறார். அந்த வாசகரே அவருடைய உண்மையான முதல்.

அறிவியல் அச்சுச் செலவைக் குறைத்துவிட்டது. வாசகரைத் தேடும் உழைப்பைக் குறைக்கவில்லை. அன்று சுற்றறிக்கையில் இருந்த அவ்வுழைப்பு இன்று கைப்பேசிக்கு இடம் மாறியிருக்கிறது. இதைத்தான் அவளிடம் சொன்னேன். ஷிப்டுப் பேருந்து வந்துவிட்டது. "அப்ப ரெண்டாம் பாகத்தை ஆரம்பிச்சிடறேன் சார்" என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.