பதில் பெறும் உரிமை: மனநோயாளர் தொடர்புற்ற கொலைகளும் இங்கிலாந்தில் உறவை இழந்த குடும்பங்களும்

முன்னுரை

கொலையால் உறவை இழந்த குடும்பத்துக்கு அரசு செய்யக்கூடிய உதவி, பெரும்பாலும் இழப்பீட்டுத் தொகையாகவும் உளவியல் ஆலோசனையாகவுமே கருதப்படுகிறது. கொலை செய்தவர் கடும் மனநோய்க்கு ஆட்பட்டவராகவும், கொலைக்கு முன் பொது மருத்துவத் துறையின் கவனிப்பில் இருந்தவராகவும் அமையும்போது இவ்விரண்டும் போதா என்பதை இங்கிலாந்தின் முப்பதாண்டு அனுபவம் காட்டுகிறது. கொன்றவர் முழுப் பொறுப்புடையவர் அல்லர் என்று சட்டம் கூறுகிறது. நடந்ததை முன்கூட்டி அறிந்திருக்க இயலாது என்று மருத்துவ நிறுவனம் கூறுகிறது. இவ்விரு கூற்றுகளுக்கும் நடுவே, இறப்புக்கு விடை சொல்ல வேண்டியவர் யார் என்னும் கேள்வி கேட்ட குடும்பத்திடமே திரும்பி வந்துவிடுகிறது. ஆகவே இக்குடும்பங்களுக்கான ஆதரவு இரக்கத்தின்பாற்பட்ட சேவையாக நின்றுவிடாமல், பதில் பெறும் உரிமையாகச் சட்டத்தில் இடம்பெற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இவ்வாதம் மனநோயாளர் அனைவரையும் ஐயுறுவதற்கு இடம் தருவதன்று. மனநோயாளரில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. பிறரது வன்முறைக்கு இலக்காகும் வாய்ப்பே அவர்களுக்கு மிகுதி. எனினும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1996 முதல் இயங்கிவரும் தேசிய இரகசிய ஆய்வு, இங்கிலாந்தில் கொலை தொடர்பாகத் தண்டிக்கப்பட்டவருள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அதற்கு முந்தைய ஓராண்டுக்குள் மனநல மருத்துவத் துறையின் தொடர்பில் இருந்தவர் என்று கண்டது. அவ்வாய்வின் கொலை சார்ந்த பகுதி 2018இல் கைவிடப்பட்டதால், தேசிய அளவில் பாடம் கற்பதற்கு இருந்த ஒரு வழியும் குறுகிப்போனது.

சட்டத்தின் மொழியும் குடும்பத்தின் மொழியும்

இங்கிலாந்தின் 1957ஆம் ஆண்டுக் கொலைச் சட்டம், 2009இல் திருத்தப்பட்ட அதன் 2ஆம் பிரிவின் வழி, 'குறைந்த பொறுப்புநிலை' என்னும் எதிர்வாதத்தை ஏற்கிறது. மருத்துவம் ஏற்கும் ஒரு நோய்நிலை, தம் செயலின் தன்மையை உணரும் ஆற்றலையோ பகுத்தறிந்து முடிவெடுக்கும் ஆற்றலையோ தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் ஆற்றலையோ பெரிதும் குலைத்திருந்தால், கொலைக்குற்றம் 'கொலைக்குற்றமாகாத மரணம் விளைவித்தல்' என்னும் சிறிய குற்றமாகக் குறையும் என்பதே அதன் பொருள். அவ்வாறு தீர்மானிக்கப்பட்டபின், 1983ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 37ஆம் பிரிவின்படி குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் மருத்துவமனைக்கு அனுப்பும் ஆணையும், 41ஆம் பிரிவின்படி நீதித்துறை அமைச்சரோ மனநலத் தீர்ப்பாயமோ இசைந்தாலன்றி விடுவிக்க முடியாதபடி செய்யும் கட்டுப்பாட்டு ஆணையும் பிறப்பிக்கப்படலாம்.

சட்டநோக்கில் இவ்வேற்பாடு நேர்மையானது. நோயின் பிடியில் இருந்தவரை நலமாக இருந்தவரோடு ஒன்றாகத் தண்டிப்பது நீதியாகாது. ஆயினும் இதன் விளைவாகக் குடும்பம் ஒரே நேரத்தில் இருவகை இழப்புக்கு உள்ளாகிறது. 'கொலை' என்ற சொல்லே தீர்ப்பிலிருந்து மறைந்துவிடுவது ஒன்று. குறைந்த குற்றத்தை எதிரி ஒப்புக்கொள்ள அரசுத் தரப்பும் அதை ஏற்கும்போது முழு விசாரணை நடைபெறாமல் சான்றுகள் பொதுமன்றத்துக்கு வராமலே போவது மற்றொன்று. அத்துடன், இயல்புக்கு மாறான சாவுகளை ஆராயும் மரண விசாரணை அதிகாரியின் விசாரணை, குற்றவழக்கு தொடங்கியதும் நிறுத்திவைக்கப்பட்டு, வழக்கு முடிந்தபின் பெரும்பாலும் மீண்டும் தொடங்கப்படுவதில்லை. உண்மை வெளிப்படுவதற்குரிய இரு வாயில்களும் இவ்வாறு அடைபடும் நிலையில், எஞ்சுவது மருத்துவத் துறை தானே அமர்த்தும் ஆய்வு ஒன்றுதான்.

குடும்பங்களே திறந்த வழி

அத்தகைய ஆய்வுகூட அரசின் முன்முயற்சியால் மட்டும் வந்ததன்று. 1992 டிசம்பரில் லண்டன் ஃபின்ஸ்பரி பார்க் சுரங்க ரயில் நிலையத்தில், மனச்சிதைவு நோயாளர் ஒருவரால் ஓர் இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். கொல்லப்பட்டவரின் மனைவி ஜெய்ன் சீட்டோ, மணமாகிச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையிலும், இடைவிடாது கேள்வி எழுப்பினார். 1994இல் வெளிவந்த ரிச்சி குழுவின் அறிக்கை, அந்நோயாளர் பல மருத்துவமனைகளுக்கும் பல அலுவலகங்களுக்கும் இடையே கைமாற்றப்பட்டு எவருடைய பொறுப்பிலும் நில்லாமல் போன வரலாற்றை விரித்துரைத்தது. அதே ஆண்டில் வந்த அரசுச் சுற்றறிக்கை, இத்தகைய ஒவ்வொரு கொலைக்கும் சார்பற்ற விசாரணை தேவை என்று விதித்தது. தம் தந்தையை 2007இல் இவ்வாறு இழந்த ஆவணப்பட இயக்குநர் ஜூலியன் ஹெண்டி, பிற குடும்பங்களுக்கு வழிகாட்டுவதற்காக 'ஹண்ட்ரட் ஃபேமிலீஸ்' என்னும் அறக்கட்டளையை நிறுவியதும் இவ்வரிசையில் அடங்கும். துயருற்றவரே துயருற்றவருக்கு வழிகாட்ட நேர்ந்தது அவர்களுக்குப் பெருமை. அரசமைப்புக்கோ அது குறை.

முப்பதாண்டுக்குப் பின் நிகழ்ந்த நாட்டிங்ஹாம் வழக்கு அக்குறை தீராததைக் காட்டுகிறது. 2023 ஜூன் 13 அன்று அந்நகரில் மாணவர் இருவரும் பள்ளிப் பராமரிப்பாளர் ஒருவரும் கொல்லப்பட்டனர். மனச்சிதைவு நோய் கண்டறியப்பட்டிருந்த கொலையாளி, சிகிச்சைக்கு ஒத்துழைக்காத நிலையில் 2022 செப்டம்பரில் மனநலக் குழுவின் கவனிப்பிலிருந்து விடுவிக்கப்பட்டு, குடும்ப மருத்துவரின் பொறுப்பில் விடப்பட்டிருந்தார். 2024 ஜனவரியில் நீதிமன்றம் மருத்துவமனை ஆணையும் கட்டுப்பாட்டு ஆணையும் பிறப்பித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. அரசு வழக்குத் துறையின் முடிவு சட்டப்படி சரியானது என்று அத்துறையின் செயல்பாட்டை ஆய்ந்த கண்காணிப்பு அமைப்பு கூறினாலும், குடும்பங்களோடு நடத்திய தொடர்பில் குறையிருந்ததையும் சுட்டியது. பின்னர் தேசியச் சுகாதாரச் சேவை அமர்த்திய சார்பற்ற ஆய்வின் சுருக்கத்தை மட்டும் வெளியிடுவதென முதலில் கருதப்பட்டது. குடும்பங்கள் கடுமையாக எதிர்த்த பின்னரே, 2025 பிப்ரவரியில் முழு அறிக்கையும் வெளியானது. அதே மாதத்தில் அரசு சட்டபூர்வ விசாரணையையும் அறிவித்தது. இக்குடும்பங்கள் பெற்ற ஒவ்வொரு விடையும் போராடிப் பெற்றதே அன்றி வழங்கப்பட்டதன்று.

சட்டத்தில் இல்லாத ஓர் இடம்

இதன் காரணம் அலுவலரின் மனப்போக்கில் மட்டும் இல்லை. சிகிச்சையில் தீங்கு நேர்ந்தால் மருத்துவ நிறுவனம் உண்மையை ஒளிக்காமல் தெரிவித்து வருத்தம் கூறவேண்டும் என்னும் 'வெளிப்படைக் கடமை' 2014இல் இங்கிலாந்தில் சட்டமாயிற்று. ஆனால் அக்கடமை நோயாளிக்கும், அவர் சார்பாகச் செயற்படச் சட்டப்படி உரிமை பெற்றவருக்குமே உரியது. நோயாளியால் கொல்லப்பட்டவரின் குடும்பம் அவ்வரையறைக்குள் வருவதில்லை. இழப்பீட்டு வழக்கிலும் நிலை இதுவே: டீஸ் சுகாதார ஆணையத்துக்கு எதிராக, கொல்லப்பட்ட குழந்தையின் தாய் தொடுத்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999இல், இன்னாருக்கே ஆபத்து நேரும் என முன்னறிய இயலாத நிலையில் அந்நிறுவனத்துக்கு அவர்பால் கவனக்கடமை இல்லை என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் கண்ணில் அக்குடும்பம் அயலார்.

இதை மாற்றுவதற்கு எதிராக எழும் வலுவான மறுப்பு, நோயாளியின் அந்தரங்க உரிமை பற்றியது. தம் சிகிச்சைக் குறிப்புகள் வெளியாகும் என்று அஞ்சும் நோயாளி மருத்துவரை நாடாமலே போகக்கூடும் என்பது புறக்கணிக்கத்தக்க வாதமன்று. ஆயினும் குடும்பங்கள் கேட்பது எது என்று நோக்கினால் இம்மறுப்பு தளர்ந்துவிடும். நோயாளியின் உள்ளத்தில் ஓடிய எண்ணங்களை அவர்கள் கேட்பதில்லை. முன்னெச்சரிக்கை யாரிடம் வந்தது, மருந்தை நிறுத்தியது தெரிந்தும் எவர் வீடு சென்று பார்த்தார், கவனிப்பிலிருந்து விடுவிக்கும் முடிவில் கையெழுத்திட்டவர் யார் என்பனவற்றையே கேட்கின்றனர். இவை நிறுவனத்தின் செயல்கள். இவற்றை நோயாளியின் அந்தரங்கம் என்று கூறுவது, நிறுவனம் தன்னை மறைத்துக்கொள்ள நோயாளியைத் திரையாக்குவதாகும். மேலும், உரிய சிகிச்சை கிடைக்காமல் கொலையாளியாக்கப்பட்ட நோயாளியும் அதே தவறின் பலியே என்பதால், உண்மை வெளிப்படுவது இரு தரப்புக்கும் நலம்.

சட்டம் இத்திசையில் சில அடிகள் எடுத்து வைத்திருப்பதையும் குறிப்பிட வேண்டும். 2004ஆம் ஆண்டுச் சட்டம், கட்டுப்பாட்டு ஆணைக்கு உட்பட்ட நோயாளியின் விடுவிப்பு பற்றிய தகவலைப் பாதிக்கப்பட்டோர் பெற வழிசெய்தது. பாதிக்கப்பட்டோர் மற்றும் கைதிகள் பற்றிய 2024ஆம் ஆண்டுச் சட்டம், மனநலத் தீர்ப்பாயத்தின் முன் தம் பாதிப்பை எடுத்துரைக்கவும் இடமளித்தது. இவை பயனுடையவை, ஆனால் இவை வருங்காலத்தை நோக்கியவை. ஏன் நடந்தது என்ற கேள்விக்கு இவற்றில் விடையில்லை.

ஒரே வீட்டின் இருபுறம்

கொல்லப்பட்டவரும் கொன்றவரும் ஒரே குடும்பத்தவராக அமையும் வழக்குகளில் சிக்கல் இன்னும் ஆழமானது. 2010இல் நோயின் உச்சத்தில் தாயைக் கொன்ற மகள் ஒருவர், மருத்துவ நிறுவனம் தன் கவனக்குறைவை ஒப்புக்கொண்டிருந்தும், இழப்பீடு பெற இயலாது என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. தன் குற்றச்செயலின் விளைவுக்கு ஒருவர் ஈடு கோர முடியாது என்பது அதன் அடிப்படை. தீர்ப்பின் சரி பிழை எதுவாயினும், இத்தகைய வீட்டில் மீந்திருக்கும் ஒருவர் மருத்துவமனைக்குச் சென்று நோயாளியைப் பார்ப்பவராகவும், கல்லறைக்குச் சென்று அழுபவராகவும் இருக்க நேர்கிறது. பாதிக்கப்பட்டோர் என்றும் குற்றவாளியின் சுற்றத்தார் என்றும் இருவேறு பட்டியலாகப் பிரிக்கும் உதவித் திட்டம் இவரை எப்பட்டியலில் சேர்ப்பதென அறியாமல் கைவிடுகிறது; பலகாலம் நோயாளியைக் காத்து நின்றவரும் அபாயத்தை முதலில் உணர்ந்தவரும் இவரே என்பதால் இக்கைவிடல் மேலும் கொடிது.

முடிவுரை

இச்சிக்கல் இந்தியச் சட்டத்துக்கும் அயலானதன்று. 1843ஆம் ஆண்டு மெக்நாட்டன் விதிகளின் வழிவந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவாக நிலைபெற்றுள்ளது. வழக்கு விடுதலையில் முடிந்தாலும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு பரிந்துரைக்க நீதிமன்றத்துக்கு வழிசெய்யும் ஏற்பாடும் இங்குண்டு. தொகைக்கு வழியிருந்தும் விடைக்கு வழியில்லை என்பதே இரு நாடுகளுக்கும் பொதுவான குறை.

எனவே வேண்டுவன சில: வெளிப்படைக் கடமையைக் கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கும் விரித்தல், சார்பற்ற ஆய்வின் வினாக்களை வகுக்கும் நிலையிலேயே அவர்களைச் சேர்த்து, அரசுச் செலவில் வழக்கறிஞர் துணை அளித்தல், அறிக்கையை முழுமையாக வெளியிடுவதை விதியாகவும் மறைப்பதை விளக்கம் தரவேண்டிய விலக்காகவும் கொள்ளுதல், ஒரே குடும்பத்து வழக்குகளுக்குத் தனி நடைமுறை அமைத்தல். இவற்றுள் எதுவும் நோயாளியின் தண்டனையை மிகுவிப்பதன்று. கொன்றவரைப் பொறுப்பிலிருந்து சட்டம் விடுவிக்கும்போது அப்பொறுப்பின் ஒரு பங்கு அவரைக் கவனித்திருக்க வேண்டிய அரசைச் சார்கிறது. அப்பங்கை அரசு ஏற்று விடை கூறாதவரை, குடும்பங்களுக்கு அது அளிக்கும் ஆறுதல் முழுமை பெறாது.