இணையத்தளங்களை மதிப்பிடுதல்: மாணவருக்கு மொழியும் ஒரு கருவி

இணையத்தில் கிடைக்கும் தகவலை ஒப்படையில் சேர்ப்பதற்கு முன் அந்தத் தளத்தைச் சோதிப்பது, பல்கலைக்கழக மாணவருக்கு இரண்டு பயிற்சிகளை ஒன்றாகத் தருகிறது. ஒன்று டிஜிட்டல் திறன், மற்றையது மொழித்திறன்.

பக்கத்தை விட்டு வெளியேறுதல்

அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்களான சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோரின் 2017ஆம் ஆண்டு ஆய்வில் 10 வரலாற்றுக் கலாநிதிகள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 இளமாணி மாணவர்கள் பங்கேற்றனர். சிறுவர் மருத்துவர்களின் இரு அமைப்புகளது தளங்களை அவர்கள் ஒப்பிட்டனர். ஒன்று 1930இல் தொடங்கிய பெரிய அமைப்பு. மற்றையது 2002இல் அதிலிருந்து பிரிந்த சிறு குழு. மாணவர்களில் பெரும்பாலானோர் தோற்றத்தையும் பெயரையும் பார்த்துச் சிறு குழுவையே நம்பினர். சரிபார்ப்பாளர்களோ உடனே வேறு பக்கங்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினர். அவர்களில் ஒருவரும் ஏமாறவில்லை. இம்முறை பக்கவாட்டு வாசிப்பு எனப்படுகிறது.

சொல்லைக் கவனித்தல்

இறுதி யுத்தம் பற்றிய எண்ணிக்கைகள் எமக்கு நெருக்கமான உதாரணம். 2011இல் வெளியான ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என நம்பகமான மூலங்கள் மதிப்பிட்டுள்ளதாகக் கூறியது. 2012 நவம்பரில் வெளியான ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கை, 70,000இற்கும் அதிகமானோரின் கதி தெரியவில்லை எனக் காட்டும் தகவல்களைக் குறிப்பிட்டது. 'இறந்திருக்கலாம்', 'கொல்லப்பட்டனர்', 'கதி தெரியவில்லை' ஆகிய மூன்றும் ஒன்றல்ல. பல தளங்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. அப்படி எழுதப்பட்ட ஒரு வரியைக் காட்டியே, நடந்தவை அனைத்தையும் மறுப்பவர்கள் வாதிடுகிறார்கள்.

செய்யக்கூடியவை

1. தளத்தை நடத்துபவர் யார் என்பதை அத்தளத்துக்கு வெளியே தேடுங்கள்.

2. மேற்கோள் காட்டப்பட்ட மூல அறிக்கையைத் திறந்து, அந்த எண் வரும் பந்தியை ஆங்கிலத்திலேயே முழுமையாக வாசியுங்கள்.

3. அதன் வினைச்சொல்லைத் தமிழில் நீங்களே எழுதி, செய்தியில் உள்ள சொல்லுடன் ஒப்பிடுங்கள்.

4. பக்கம் நீக்கப்பட்டிருந்தால், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் பழைய பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அது சேமிக்கப்பட்ட திகதியையும் ஒப்படையில் குறிப்பிடுங்கள்.