வரி முடிவும் பிரதி ஒப்பீடும் – ஒரு வரலாற்று நோக்கு

ஒரே நூலின் இரு பிரதிகளை அருகருகே வைத்து ஒப்புநோக்குதல் வரலாற்று மாணவருக்கும் இலக்கிய மாணவருக்கும் பொதுவான பயிற்சியாகும். இன்று அப்பணியின் பெரும்பகுதியைக் கணனி ஏற்றுக்கொண்டுள்ளது. ஆயினும், கண்ணுக்கு ஓரெழுத்தும் வேறுபடாத இரு கோப்புகளை ஒப்பிடுமாறு பணித்தால், அவற்றின் எல்லா வரிகளுமே வேறுபடுகின்றன எனக் கணனி விடையளிப்பதுண்டு. அவ்விடையைப் பொறியின் பிழையெனத் தள்ளிவிடுதல் எளிது. உண்மையில், ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, பிரதி ஒப்பீடு பற்றி அது எழுப்பும் வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரு வேறு செயல்கள் நிகழவேண்டும். தாளைத் தாங்கிய பகுதி தொடக்க இடத்துக்கு மீளவேண்டும். தாள் ஒரு வரியளவு மேலே நகரவேண்டும். தட்டச்சாளர் ஒரே நெம்பினால் இவ்விரண்டையும் செய்தார். தந்தி வழியாகத் தொலைவிலுள்ள பொறியை இயக்க முற்பட்டபோது, கையின் இடத்தைக் குறியீடு பெறவேண்டியதாயிற்று. நியூசிலாந்தவரான டொனால்ட் மரே 1901ஆம் ஆண்டளவில் அமைத்த தந்திக் குறியீட்டில், மீள்வதற்கு ஒன்றும் வரி நகர்வதற்கு ஒன்றுமாக இரு தனிக் குறிகள் இடம்பெற்றன. இவற்றை முறையே மீள்குறி, நகர்குறி என இங்கு வழங்குவோம். 1963இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட அஸ்கி நியமத்திலும் இவ்விரண்டும் இடம்பெற்றன. மீள்குறிக்கு 13ஆம் எண்ணும் நகர்குறிக்கு 10ஆம் எண்ணும் உரியனவாயின.

அதே ஆண்டில் வெளிவந்த டெலிடைப் மொடல் 33 என்னும் தொலையெழுதி செக்கனுக்குப் பத்து எழுத்துகளை அச்சிட்டது. வரியின் வலப்புற எல்லையிலிருந்து அச்சுத்தலை இடப்புறம் மீள்வதற்குச் செக்கனின் பத்திலொரு பங்கு போதவில்லை. மீள்குறியை முதலில் அனுப்பி நகர்குறியை அடுத்து அனுப்புவதால் வேண்டிய அவகாசம் கிடைத்தது. இவ்வாறு, ஓர் இயந்திரத்தின் வேகம் இரு குறிகளின் வரிசையை வழக்கமாக்கியது.

எழுத்து தாளிலன்றிக் கணனியின் நினைவகத்தில் தங்கத் தொடங்கியபோது, வரி முடிவுக்கு இரு குறிகள் எதற்கு என்ற வினா எழுந்தது. 1960களின் நடுப்பகுதியில் உருவாக்கப்பட்ட மல்ரிக்ஸ் என்னும் இயக்க முறைமை நகர்குறி ஒன்றையே வரி முடிவாகக் கொண்டது. அச்சுப்பொறிக்கு வேண்டிய மேலதிகக் குறிகளை அதனை இயக்கும் மென்பொருளே சேர்த்துக்கொண்டது. 1969இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடங்கிய யுனிக்ஸ் இவ்வழக்கத்தைப் பின்பற்றியது. மறுபுறத்தில், 1974இல் கரி கில்டால் உருவாக்கிய சி.பி./எம். இரு குறிகளையும் பேணியது. 1981இல் வந்த மைக்ரோசொப்ட் டொஸ் முறைமையும் அதன்பின் வந்த விண்டோஸ் முறைமையும் அவ்வழியே சென்றன. அப்பிள் நிறுவனத்தின் மக்கின்டொஷ் 1984இல் மீள்குறியை மட்டும் கைக்கொண்டது. 2001இல் யுனிக்ஸ் மரபுக்கு மாறியபோது அவ்வழக்கத்தைக் கைவிட்டது. எண்பது நிரல்கள் கொண்ட துளையட்டைகளைப் பயன்படுத்தியோருக்கோ வரி முடிவுக்குறியே தேவைப்படவில்லை. அங்கு அட்டையின் எல்லையே வரியின் எல்லையாயிற்று.

இம்மரபுகள் தத்தம் எல்லைக்குள் நின்றவரை இடர் தோன்றவில்லை. கோப்புகள் ஒரு முறைமையிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றபோதே முரண்பாடு வெளிப்பட்டது. 1970களின் முற்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் டக்ளஸ் மக்கில்ரோய் உருவாக்கிய டிஃப் என்னும் ஒப்பீட்டு நிரல் வரியையே அலகாகக் கொண்டது. அதன் முறையினை விளக்கும் அறிக்கையை 1976இல் அவரும் ஜேம்ஸ் ஹன்ற்றும் வெளியிட்டனர். இரு கோப்புகளிலும் ஒரே வரிசையில் அமைந்த பொது வரிகளை இயன்றளவு மிகுதியாகக் கண்டறிந்து, எஞ்சியவற்றை நீக்கப்பட்டவை, சேர்க்கப்பட்டவை எனக் காட்டுவதே அம்முறையாகும்.

ஆயிரம் வரிகள் கொண்ட யுனிக்ஸ் கோப்பொன்று விண்டோஸ் வழக்கத்துக்கு மாற்றப்பட்டால், ஆயிரம் மீள்குறிகள் அதில் புதிதாகச் சேரும். கண்ணுக்கு அவை தோன்றா. ஒப்பீட்டு நிரலோ ஆயிரம் வரிகள் நீக்கப்பட்டு ஆயிரம் வரிகள் சேர்க்கப்பட்டன என அறிவிக்கும். இதற்கிடையே யாரோ ஒருவர் 1815 என்னும் ஆண்டை 1818 எனத் திருத்தியிருந்தால், அவ்வொரு திருத்தம் ஆயிரம் போலித் திருத்தங்களுள் மறைந்துபோகும். கேடு இத்துடன் நிற்பதில்லை. 2005இல் தோன்றிய கிற் போன்ற பதிப்பு மேலாண்மை முறைமைகளிலிருந்து, ஒவ்வொரு வரியையும் இறுதியாக மாற்றியவர் யார் என அறியலாம். வரி முடிவுகளை மாற்றியவரே எல்லா வரிகளுக்கும் உரியவராக அங்கு தோன்றுவார். உண்மையில் எழுதியவரின் பெயரைக் காண, பழைய அடுக்குகளைத் தோண்டவேண்டியிருக்கும்.

தமிழ் ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தோர் இதனையொத்த நிலையை எதிர்கொண்டனர். ஏட்டில் செய்யுள் அடிபிரிக்கப்படாது தொடர்ந்து எழுதப்பட்டது. ஏட்டின் நீளம் முடிந்த இடத்தில் வரி முடிந்தது. அவ்வரி ஏட்டுக்குரியதேயன்றிச் செய்யுளுக்குரியதன்று. மெய்யெழுத்துகளுக்குப் புள்ளி இடும் வழக்கமும் பொதுவாக இருக்கவில்லை. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோர், எழுத்தாணியின் வழக்கத்தால் வந்தது எது, உண்மையான பாடபேதம் எது எனப் பகுத்துணரவேண்டியிருந்தது. புள்ளியின்மையையெல்லாம் பாடபேதமாக எண்ணியிருப்பின் பதிப்பு நிறைவேறியிராது.

அவ்வாறாயின், வரி முடிவு வேறுபாட்டைப் பொருட்படுத்தாது விடுவதே தக்கதா? அதற்கான வசதி ஒப்பீட்டு நிரல்களில் இன்று உண்டு. விண்டோஸின் நோட்பேட் செயலியும் 2018இல் ஏனைய மரபுகளின் வரி முடிவுகளை ஏற்றுக்கொண்டது. எனினும், வரலாற்று மாணவர் இங்கு சற்றுத் தயங்குதல் நன்று. ஒரு கோப்பின் முற்பாதியில் நகர்குறி மட்டுமே நிற்க, பிற்பாதியில் இரு குறிகளும் நிற்குமாயின், அக்கோப்பு இரு முறைமைகளைக் கடந்து வந்திருக்கக்கூடும் என்பதற்கு அது சான்றாகும். சுவடியொன்றில் இருவர் கையெழுத்தைக் காண்பதற்கு அது நிகர். எல்லாவற்றையும் ஒருசீராக்கிவிட்டால் ஒப்பீடு தெளிவடையும். ஆனால் அச்சான்று அழிந்துவிடும்.

ஆகவே, மூலக் கோப்பை மாற்றாது பேணி, அதன் படியொன்றை மட்டும் ஒருசீராக்கி ஒப்பிடுதலும், எதனை ஒருசீராக்கினோம் என்பதை வெளிப்படக் கூறுதலும் ஏற்புடைய நெறியாகும். எதிர்கால வரலாற்றாசிரியர் ஆராயவிருக்கும் ஆவணங்களிற் பெரும்பாலானவை கோப்புகளாகவே அமையும். மொடல் 33 இன்று பயன்பாட்டில் இல்லை. அதன் அச்சுத்தலைக்காக வழக்கமான இருகுறி வரிசையோ அக்கோப்புகளிற் பலவற்றின் ஒவ்வொரு வரியிலும் நிற்கும். அதனை அறிந்து வாசிப்பவரே, கருவியின் தடத்தை ஆசிரியரின் கருத்தென மயங்காது, இரு பிரதிகளுள் எது எவ்விடத்தில் மாறியது எனத் துணிந்து கூறவல்லவராவார்.