உழவர் சந்தை

உழவர் சந்தை என்பது விளைவித்தவரே தம் காய்கறி, கீரை, பழங்களை இடைத்தரகர் இல்லாமல் மக்களுக்கு விற்பதற்காகத் தமிழ்நாடு அரசு நடத்தும் சந்தை. முதல் சந்தையை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி தொடங்கி வைத்தார். பஞ்சாபில் 1987இல் தோன்றிய அப்னி மண்டியும் ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் வந்த ரைத்து பஜாரும் இதற்கு முன்னோடிகள்.

இதன் தேவையை உணரக் கமிஷன் மண்டியின் கணக்கைப் பார்த்தால் போதும். வண்டி வாடகை, இறக்குக் கூலி, கமிஷன், எடையில் கழிவு என ஒவ்வொன்றாகப் போன பிறகு, வரத்து மிகுந்த நாளில் தக்காளிக்காரர் கையில் நிற்பது பறிகூலிக்கே காணாது. விதைப்புக்கு மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் வேறு இடம் தேடிப் போகவும் வழியில்லை. அதே தக்காளியைத் தெருமுனைக் கடையில் வாங்குபவரோ, உழவருக்குக் கிடைத்த விலையைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொடுத்திருப்பார்.

உழவர் சந்தையில் கடை போட அடையாள அட்டை வேண்டும். கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடு விண்ணப்பித்தால், அதிகாரிகள் தோட்டத்தை நேரில் பார்த்துவிட்டு, நிலமும் பயிரும் குறித்த புகைப்பட அட்டை தருவார்கள். கத்தரி போட்டவர் கத்தரி விற்கலாம்; வெளியே மூட்டையாக வாங்கி வந்து விற்கக் கூடாது. சந்தையின் உயிர் இந்த ஒரு விதியில்தான் இருக்கிறது. கடைக்கு வாடகை இல்லை, தராசுக்கும் கட்டணமில்லை. கூடைகளையும் சாக்குகளையும் ஏற்றிவர அரசுப் பேருந்துகளில் சலுகையும் தரப்பட்டது.

விலையை அன்றன்று அதிகாலையில் முடிவு செய்கிறார்கள். சுற்றுவட்டார மொத்த விலையையும் சில்லறை விலையையும் விசாரித்து, மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் வருமாறு வைப்பது வழக்கம். பிறகு அது வாசலில் உள்ள பலகையில் எழுதப்படும். துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் மாட்டுச் சந்தை வழக்கத்துக்கு இது நேர் எதிர். வெண்டைக்காய் கிலோ என்ன விலை என்பது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே நேரத்தில் தெரிகிறது. சதவீதக் கணக்கைவிட இந்த வெளிப்படைத்தன்மையே சந்தையின் பெரிய சாதனை என்று சொல்ல வேண்டும்.

சேலம் சூரமங்கலம், கோவை ஆர்.எஸ்.புரம் போன்ற சந்தைகளில் விடிகாலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். முளைக்கீரைக் கட்டின் வேரில் ஈரமண் ஒட்டியிருக்கும். சுரைக்காய் பிஞ்சா முற்றலா என்று நகத்தால் கீறிப் பார்க்கத் தேவையில்லை; பறித்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார். "அவரை இப்பதான் காய்ப்பு எடுக்குதுக்கா, அடுத்த வாரம் வாங்க, நல்லா இருக்கும்" என்று சொல்ல விளைவித்தவரால்தான் முடியும்.

2001இல் ஆட்சி மாறியதும் இச்சந்தைகள் கவனிப்பாரற்றுப் போயின. சில மூடியே கிடந்தன. 2006க்குப் பிறகு மீண்டும் உயிர்பெற்று, புதியவையும் திறக்கப்பட்டன. சாப்பாட்டுக்கான ஏற்பாடு அரசியல் மாற்றத்தோடு இப்படி ஏறி இறங்கியது உழவருக்கும் நகரவாசிக்கும் ஒருசேர நேர்ந்த இழப்பு.

குறைகள் இல்லாமல் இல்லை. உழவர் பெயரில் அட்டை பெற்று வியாபாரிகள் உள்ளே நுழைவதாகப் புகார் தொடர்ந்து வருகிறது. கள ஆய்வு தளர்ந்த இடங்களில் இது எளிதாக நடக்கும். சந்தை வாசலிலேயே முளைக்கும் சாலையோரக் கடைகள், வாங்க வருபவர்களை உள்ளே போகும் முன்பே மடக்கிவிடுகின்றன. கேரட், உருளை போன்ற மலைக்காய்கள் தமிழ்நாட்டுச் சமவெளியில் பெரும்பாலும் விளைவதில்லை. எல்லாம் ஒரே இடத்தில் வாங்க நினைப்பவர்களுக்கு அது ஒரு குறை. தொலைவிலுள்ள சிறு விவசாயிக்கோ, இரண்டு கூடைக் காய்க்காக அரை நாள் போகிறது. பறிப்பும் விற்பனையும் ஒருவரால் ஆகாது என்பதால் வீட்டில் ஒருவர் தோட்டத்திலும் இன்னொருவர் தராசிலும் நிற்க வேண்டியிருக்கிறது.

வெயில் ஏறியதும் கூட்டம் கலையும். மிஞ்சிய காய்களை வைக்கச் சில சந்தைகளில் குளிர்பதன அறைகள் உண்டு. பூசணியும் சேனையும் அறை இல்லாமலே மறுநாள் வரை தாங்கும், கீரை தாங்காது. கீரைக்காரர்கள் பலகை விலைக்கும் கீழே இறங்கி, கட்டுகளைத் தள்ளிவிட்டுத்தான் பேருந்து ஏறுகிறார்கள்.