வளைகுடாச் சங்கராவும் மூன்று நாள் பருவமும்

கடல் வற்றினாலும் வற்றும், கடலில் மீன் வற்றாது என்னும் நம்பிக்கை மாந்தரிடையே நெடுங்காலம் நிலவி வந்தது. அந்நம்பிக்கை பொய்த்தபோதுதான் மீனுக்கும் சட்டம் தோன்றியது. எந்த மாதத்தில் பிடிக்கலாம், ஒருவர் எத்தனை பிடிக்கலாம், எவ்வளவு நீளமுள்ளதை வைத்துக்கொள்ளலாம் என்றெல்லாம் அரசுகள் வரையறுக்கத் தொடங்கின. அத்தகைய சட்டங்களின் வரலாற்றில், அமெரிக்க ஐக்கிய நாட்டின் தெற்கே மெக்சிகோ வளைகுடாவில் வாழும் ஒரு பாறைமீனின் கதை தனித்துக் குறிப்பிடத்தக்கது. மீன் பெருகப் பெருக, அதனைப் பிடிக்கும் நாள்கள் சுருங்கிய விந்தையை அங்கே காண்கிறோம். அவ்விந்தை எவ்வாறு விளைந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் பிறப்பும்

இம்மீன் நமக்கு முற்றும் அயலானதன்று. நம் சந்தைகளில் ஈக்கான் மேரா என்றும், தமிழகக் கரைகளில் சங்கரா என்றும் விற்கப்படும் செந்நிற மீன்களுக்கு இது நெருங்கிய உறவு. இவ்வினத்திற்கு அறிவியலார் வழங்கும் பெயர் லுட்ஜானஸ் என்பதாகும். செருமானிய இயற்கையியல் அறிஞர் பிளாக் 1790-ஆம் ஆண்டில் இப்பெயரை இட்டார். 'ஈக்கான் லுட்ஜாங்' என்ற மலாய்ச் சொல்லே அதன் மூலம். நம் வட்டாரத்து மீனவர் நாவிலிருந்து புறப்பட்ட ஒரு சொல் அறிவியல் ஏட்டின் வழியாக அமெரிக்கக் கடல் வரை சென்றிருப்பது எண்ணி மகிழத்தக்கது. வளைகுடாவில் வாழும் வகைக்கு, கியூபா நாட்டு அறிஞர் போயி 1860-இல் காம்பேச்சே என்னும் மெக்சிகோ கடற்பகுதியின் பெயரைச் சேர்த்தார். இக்கட்டுரையில் அதனை வளைகுடாச் சங்கரா என்றே குறிப்போம்.

இதன் வாழ்க்கை முறையை அறிந்தாலன்றி இதற்கான சட்டங்களை உணர முடியாது. குஞ்சுகள் சேறும் மணலும் நிறைந்த தரையில் வளர்கின்றன. வளர்ந்த மீன்கள் கடலடிப் பாறைகளையும், மூழ்கிய கப்பல்களையும், எண்ணெய்க் கிணற்று மேடைகளின் கால்களையும் நாடிச் சேர்கின்றன. மீனின் செவிக்கல்லில் ஆண்டுதோறும் படியும் வளையங்களை எண்ணிப் பார்த்த ஆய்வாளர்கள், இம்மீன் 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும் என்று கண்டறிந்தனர். மூத்த பெண்மீனே இனப்பெருக்கத்தின் பெருஞ்செல்வம். 24 அங்குலமுள்ள ஒரு பெண்மீன் இடும் முட்டைகளுக்கு ஈடாக, 17 அங்குலமுள்ள 212 மீன்கள் முட்டையிட வேண்டும் என்று கணக்கிட்டுள்ளனர். பெரிய மீனைப் பிடித்துச் சிறிய மீனை விடுவதே அறம் என்ற பொதுக்கருத்து இங்கே முழுமையாகப் பொருந்தவில்லை என்பதை மாணவர் உள்ளத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பனிக்கட்டியும் பாய்மரமும்

19-ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில், வடக்கே கனெக்டிகட் மாநிலத்திலிருந்து பாய்மரப் படகுகள் குளிர்காலத்தில் வளைகுடாவிற்கு வந்தன. படகின் அடிவயிற்றில் கடல்நீர் புகுந்து வெளியேறும் தொட்டி அமைத்து, பிடித்த மீனை உயிரோடு கொண்டு செல்வது அவர்கள் வழக்கம். உள்நாட்டுப் போருக்குப் பின், பனிக்கட்டியும் இருப்புப்பாதையும் வந்து சேர்ந்தன. புளோரிடா மாநிலத்தின் பென்சகோலா துறைமுகம் சங்கரா வாணிகத்தின் தலைநகராயிற்று. அங்கே பிடிபட்ட மீன் பனிக்கட்டியில் பொதியப்பட்டு உள்நாட்டு நகரங்களை அடைந்தது.

ஆனால், 1880-களிலேயே கரைக்கு அருகிலிருந்த பாறைகளில் மீன் குறையத் தொடங்கிவிட்டது. படகுகள் மேலும் மேலும் தொலைவு சென்றன. இறுதியில் வளைகுடாவையே கடந்து காம்பேச்சே மேட்டை அடைந்தன. ஓரிடம் வறண்டால் அடுத்த இடம் என்பதே அன்றைய நெறி. புதிய இடம் இருக்கும் வரையில் சட்டத்தின் தேவையை எவரும் உணரவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேறொரு கூட்டம் கடலுக்கு வந்தது. விற்பதற்காக அன்றி, விடுமுறை இன்பத்திற்காகத் தூண்டில் போடுவோர் கூட்டம் அது. விசைப்படகுகள் மலிந்தன. அலபாமா மாநிலத்தில் வாடகைப் படகோட்டிகள் 1953-இல் 250 பழைய மோட்டார் வண்டிகளின் கூடுகளைக் கடலில் இறக்கிச் செயற்கைப் பாறைகளை உண்டாக்கினர். மீன் அங்கே வந்து சேர்ந்தது. தூண்டிலும் வந்து சேர்ந்தது. அதே காலத்தில் இறால் பிடிக்கும் இழுவலைகள் சேற்றுத் தரையை அரித்துச் சென்றன. அவற்றில் இறாலோடு சிக்கிய சங்கராக் குஞ்சுகள் மடிந்து கடலில் கொட்டப்பட்டன. ஆக, ஒரே மீனுக்கு மூன்று புறமும் பகை மூண்டது.

சட்டம் பிறந்த வரலாறு

1976-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய மீன்வளச் சட்டம், கரையிலிருந்து 200 கடல் மைல் வரையுள்ள மீன்வளத்தை அந்நாட்டின் ஆளுகைக்குள் கொணர்ந்தது. அதன்படி 8 வட்டார மன்றங்கள் அமைந்தன. அவற்றுள் ஒன்றான மெக்சிகோ வளைகுடா மீன்வள மன்றம் பாறைமீன்களுக்காக வகுத்த திட்டம் 1984-இல் நடைமுறைக்கு வந்தது. 13 அங்குலத்திற்குக் குறைந்த சங்கராவை வைத்துக்கொள்ளலாகாது என்பது அதன் தொடக்க விதி.

அது போதவில்லை. 1990-இல் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுவோர் நாளொன்றுக்கு ஆளுக்கு 7 மீன் மட்டுமே கொள்ளலாம் என்ற விதி வந்தது. வாணிக மீனவர்க்கு எடை வரம்பு விதிக்கப்பட்டது. மொத்தப் பிடிப்பில் நூற்றுக்கு 51 பங்கு வாணிகத்திற்கு, 49 பங்கு பொழுதுபோக்கிற்கு என்று பங்கீடும் முடிவாயிற்று. இந்தப் பங்கீடே பின்வந்த பூசல்களுக்கெல்லாம் வித்து எனலாம்.

விதிகள் ஆண்டுக்காண்டு இறுகின. 1995-இல் 7 மீன் 5 ஆயிற்று. 1998-இல் 4 ஆயிற்று. 2007-இல் 2 ஆயிற்று. நீள வரம்பு 13 அங்குலத்திலிருந்து படிப்படியாக உயர்ந்து 2000-இல் 16 அங்குலத்தை எட்டியது. 1998-இல் இறால் இழுவலைகளில் மீன் தப்பிச் செல்லும் வழி அமைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. 2008-இல் வட்ட வடிவத் தூண்டில் முள் கட்டாயமாயிற்று. அது மீனின் வயிற்றில் இறங்காமல் வாயோரத்தில் மாட்டுவதால், விடுவிக்கப்படும் மீன் பிழைக்க வாய்ப்பு மிகுதி.

இவற்றின் பயனாகவும், இழுவலைப் படகுகள் குறைந்ததன் பயனாகவும் மீன் மீண்டது. ஐயமின்றி மீண்டது. விந்தை அங்கேதான் தொடங்குகிறது.

சுருங்கிய பருவம்

1996 வரை கூட்டரசுக் கடற்பகுதியில் பொழுதுபோக்குத் தூண்டிலுக்கு ஆண்டு முழுதும் பருவமே. 1997-இல் முதன்முறையாக நவம்பர் 27-ஆம் நாள் பருவம் மூடப்பட்டது. 2000 முதல் 2007 வரை அது ஏப்ரல் 21 தொடங்கி அக்டோபர் 31 வரை, அதாவது 194 நாளாக இருந்தது. 2008-இல் 65 நாள். 2014-இல் 9 நாள். 2017-இல், சொந்தப் படகில் செல்வோருக்கு அறிவிக்கப்பட்ட பருவம் மூன்றே நாள்!

மீன் மிகுந்த கடலில் நாள் குறைவதேன்? முதற்காரணம், வரம்பு எண்ணிக்கையால் அன்றி எடையால் அளக்கப்பட்டது. மூன்று இராத்தல் மீனாயின் முப்பது இராத்தலுக்குப் பத்து மீன். மீன் வளர்ந்து ஆறு இராத்தல் ஆனால் ஐந்து மீனே வரம்பை நிரப்பிவிடும். இரண்டாவது, மீன் மலிந்த கடலில் அதனைப் பிடிக்க நீண்ட நேரம் வேண்டியதில்லை. மூன்றாவது, கரையை ஒட்டிய நீர் மாநிலங்களுக்கு உரியது. டெக்சாஸ் தன் எல்லைக்குட்பட்ட கடலில் ஆண்டு முழுதும் பிடிக்க இசைந்தது. பிற மாநிலங்களும் தத்தம் பருவத்தை நீட்டின. அங்கே பிடிபட்டதையும் பொதுக்கணக்கில் கழித்த பின் எஞ்சியதே கூட்டரசின் பருவம். நான்காவது, வாணிக மீனவர் எத்தனை பேர், என்ன பிடித்தனர் என்பது துறைமுகத்தில் நிறுக்கப்பட்டது. சொந்தப் படகில் சென்றவர் எத்தனை பேர், என்ன கொண்டு வந்தனர் என்பதோ தொலைபேசியிலும் படகுத்துறையிலும் சிலரை வினவிப் பெற்ற மதிப்பீடாக மட்டுமே இருந்தது.

நாளைக் குறைத்ததால் தூண்டிலும் குறைந்துவிடவில்லை. பருவம் குறுகக் குறுக, அந்தச் சில நாள்களில் கடலில் கூட்டம் பெருகியது. காற்று வீசினாலும் அலை உயர்ந்தாலும் போயாக வேண்டும். இன்று விட்டால் அடுத்த ஆண்டுதான். வாணிக மீனவரும் 1990-களில் இதே இடுக்கணைப் பட்டவரே. மாதத்தில் சில நாள் மட்டும் திறந்த கடலில் அவர்கள் முண்டியடித்தனர். சந்தையில் மீன் ஒரே சமயத்தில் குவிய, விலை விழுந்தது. 2007-இல் ஒவ்வொருவர்க்கும் தனிப்பங்கு வகுக்கப்பட்டதும் அந்த ஓட்டப்பந்தயம் நின்றது. எனினும், பங்குரிமை பெற்றவர் கரையில் அமர்ந்து வாடகை வாங்க, கடலுக்குச் செல்பவர் குத்தகையாளர் நிலைக்குத் தாழ்ந்தார் என்ற குறையும் எழாமலில்லை.

2017-இன் மூன்று நாள் பெருஞ்சினத்தை மூட்டியது. கூட்டரசின் வாணிகத்துறை பணிந்து, மேலும் 39 நாள் கூட்டி அறிவித்தது. பிடிப்பு வரம்பை மிஞ்சும் என்பதை அந்த அறிவிப்பே ஒப்புக்கொண்டது. சட்டம் மக்களின் நம்பிக்கையை இழந்தால், அதனை இயற்றியவரே அதனை மீறும் நிலை வரும் என்பதற்கு இது சான்று.

எண்ணத் தொடங்கினர்

திருப்பம் எண்ணிக்கையிலிருந்து வந்தது. அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, புளோரிடா ஆகிய மாநிலங்கள் தத்தம் தூண்டிற்காரரின் பிடிப்பைத் தாமே கணக்கெடுக்க முற்பட்டன. அலபாமாவில், கொண்டு வந்த சங்கராவைப் பற்றி அறிவிப்பது கடமையாகவே ஆக்கப்பட்டது. 2018-இல் ஐந்து மாநிலங்களும் தத்தம் பங்கிற்குள் பருவத்தைத் தாமே வகுக்கச் சோதனை முறையில் இசைவு பெற்றன. 2020-இல் அது நிலையான ஏற்பாடாயிற்று. பிடிப்பு எவ்வளவு என்பது வாரந்தோறும் தெரிந்தால், வரம்பு நெருங்கும் வரை பருவத்தை நீட்டலாம் அல்லவா? மூன்று நாள் அறிவிக்கப்பட்ட அதே கடலில், புளோரிடா மாநிலம் 2025-இல் 126 நாள் பருவம் வகுத்தது.

கடலுக்கடியில் உள்ள மீனையும் எண்ணினர். நாடாளுமன்றம் ஒதுக்கிய நிதியில், பல பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் கூடி வளைகுடா முழுதும் ஆராய்ந்தனர். 2021-இல் வெளியான அவர்தம் முடிவு, முந்தைய மதிப்பீட்டைப்போல் மூன்று மடங்கு மீன் இருக்கக்கூடும் என்றது. பாறைகளை மட்டும் நோக்கியிருந்தவர்கள், வெளித்தரையில் பரந்து வாழ்ந்த மீனைக் குறைத்தே மதித்திருந்தனர்.

இதனால் பூசல் முற்றும் தீர்ந்துவிட்டதெனக் கருதலாகாது. மாநிலங்களின் கணக்கும் கூட்டரசின் கணக்கும் ஒத்து வரவில்லை. இரண்டையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும் திருத்தம் 2023-இல் நடைமுறைக்கு வந்தபோது, அலபாமாவின் பங்கும் மிசிசிப்பியின் பங்கும் குறைந்தன.

அறியாமல் மடியும் மீன்

எண்ணப்படாத இழப்பு மற்றொன்று உண்டு. ஆழத்திலிருந்து விரைந்து மேலே இழுக்கப்படும் மீனின் காற்றுப்பை, அழுத்தம் குறைவதால் உப்பிவிடும். வயிறு வாய்வழியே பிதுங்கும். சட்டத்திற்கு அஞ்சி அதனைக் கடலில் விட்டாலும், அது மூழ்க இயலாமல் மிதந்து மடியும். ஆகவே, எடை கட்டி மீனை ஆழத்திற்கு இறக்கும் கருவியையோ, காற்றை வெளியேற்றும் ஊசியையோ ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம் வளைகுடாவில் 2022-இல் நடைமுறைக்கு வந்தது.

இதன் கடுமையை அட்லாண்டிக் கரையில் காணலாம். அங்கே 2010-இல் சங்கராப் பிடிப்பு அடியோடு தடுக்கப்பட்டது. பின்னர் சிற்சில நாள் மட்டும் திறக்கப்பட்டது. 2024-இல் ஜூலை 12 என்னும் ஒரே நாள், ஆளுக்கு ஒரே மீன். ஆயினும், பிற மீனுக்குப் போட்ட தூண்டிலில் சங்கரா ஆண்டு முழுதும் மாட்டிக்கொண்டேயிருந்தது. விடுவிக்கப்பட்டு மடிந்த மீனின் தொகை, வீட்டுக்குக் கொண்டு சென்ற மீனின் தொகையை விஞ்சியது. நாட்காட்டியில் கதவை அடைக்கலாம். தூண்டில் முள்ளுக்கு நாட்காட்டி தெரியாது.

வரலாறு கூறுவது

பென்சகோலாப் பாய்மரங்கள் எண்ணாமல் எடுத்தன; கடல் வறண்டது. பின்வந்த அரசு எண்ணாமல் தடுத்தது, மக்கள் சினந்தனர். இரண்டும் ஒரே குறையின் இரு முகங்கள். தான் பிடித்ததைத் தானே கணக்கில் சேர்த்தவன், அக்கணக்கிலிருந்து பிறந்த விதியைத் தன்னுடையதாகக் கொள்கிறான். யாரோ எங்கோ மதிப்பிட்டுச் சொன்ன விதியை அவன் அயலான் விதியாகவே கருதுகிறான். வளைகுடாச் சங்கராவின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு நமக்கு உணர்த்தும் உண்மை இதுவே.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றனர் நம் முன்னோர். கடலிலிருந்து எடுத்தாலும் அளந்தே எடுக்க வேண்டும். அவ்வளவுகோல் எடுப்பவன் கையிலும் இருத்தல் வேண்டும்.